லத்தீன்ல "இன்" வந்தா உடனே "இல்"னு எழுதிடாதீங்க

பல வருஷமா லத்தீன் சொல்லிக்கொடுக்கறேன், பேப்பர் திருத்தறப்ப சிவப்பு மை அதிகமா போறது ஒரே இடத்துலதான். "இன்"னு ஒரு சொல் கண்ணுல பட்டதும் பசங்க மேற்கொண்டு பாக்காம "இல்"னு எழுதிட்டுப் போயிடறாங்க. "இன் உர்பெ"ன்னா நகரத்துல இருக்கறது, "இன் உர்பெம்"னா வெளிய இருந்து நகரத்துக்குள்ள போறது. முன்னாடி நிக்கற சொல் ரெண்டுலயும் ஒண்ணுதான், மொத்த அர்த்தமும் கடைசில இருக்கற அந்த ஒரு "ம்"ல இருக்கு. முதல்ல வர்றது அப்லேட்டிவ்ங்கற வேற்றுமை, இங்க இருக்கற இடத்தச் சொல்லுது; ரெண்டாவது அக்யூசேட்டிவ், போய்ச் சேர்ற இடத்தச் சொல்லுது. நம்ம மொழில வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னாடிதானே ஒட்டுது, அதனால சொல்லோட கடைசியப் பாக்கறது நமக்கு சுலபமா வரணும், ஆனா இங்கிலீஷ் புக் வழியா லத்தீன் படிக்கறதால கண்ணு முன்னாடி வர்ற சொல்லுலயே நின்னுடுது.

அதுக்காக தமிழ் எல்லா இடத்துலயும் காப்பாத்தும்னு நம்பிடாதீங்க. சமீபத்துல ஒரு மாணவி "தண்ணில குதிச்சான்"ங்கறதுக்கு "இன் அக்வா" போட்டிருந்தா. நல்லா படிக்கற பொண்ணு, நோட்டு பூரா அட்டவணை அழகா எழுதி வச்சிருக்கா. தப்பு எங்கன்னா, நாம "தண்ணில நீந்தறான்", "தண்ணில குதிச்சான்"னு ரெண்டுக்கும் அதே "ல" போடறோம். லத்தீன்ல நீந்தறதுக்கு இன் அக்வா, கரைலருந்து குதிக்கறதுக்கு இன் அக்வம். அவகிட்ட ஒண்ணுதான் கேட்டேன், குதிக்கறதுக்கு முன்னாடி அவன் எங்கம்மா இருந்தான்? "கரைல சார்"னு சொல்லிட்டு அவளே அடிச்சுட்டு திருத்திட்டா.

ஆனா "வை"ங்கற வினைக்கு இந்தக் கேள்விய கேக்காதீங்க, ஏமாந்துடுவீங்க. புத்தகத்த மேசைல வைக்கறப்ப, அது முன்னாடி கைலதானே இருந்துச்சு, அப்ப அக்யூசேட்டிவ்தான்னு தோணும். ஆனா "போனோ"ங்கற வினையோட ரோமானியர்கள் பொதுவா இன் மென்சான்னு அப்லேட்டிவ்தான் போடுவாங்க, நாம "மேசைல வை"ன்னு சொல்ற மாதிரியே. இந்த ஒரு இடத்துல தமிழ்ல யோசிக்கறவங்களுக்கு தப்பே வராது.

ஊர் பேருக்கு வேற கணக்கு. ஊர், சின்னத் தீவு, வீடு, நாட்டுப்புறம் இதுக்கெல்லாம் முன்னாடி எந்தச் சொல்லும் வராது. கொரிந்தும்னா கொரிந்துக்கு, கொரிந்தோன்னா கொரிந்துலருந்து, கொரிந்தீன்னா கொரிந்துல. கடைசியா சொன்னதுதான் லொக்கேட்டிவ்ங்கற இட வேற்றுமை, அதப் பாத்துட்டு "கொரிந்தோட"ன்னு மொழிபெயர்க்கறவங்க நிறைய பேர், ஏன்னா "கொரிந்தோட"ங்கறதுக்கும் லத்தீன்ல இதே வடிவம்தான். சிசிலி, பிரிட்டன் மாதிரி பெரிய தீவுன்னா மறுபடி "இன்" வந்துடும்.

"கிட்ட, பக்கம்"னு அர்த்தம் வர்ற "அட்" இன்னும் முக்கியம், அதுக்குப் பின்னாடி எப்பவும் அக்யூசேட்டிவ்தான். ஆள்கிட்ட போறதுக்கு இதுதான், நாமளும் அப்பாக்குப் போறேன்னு சொல்றதில்லயே, அப்பாகிட்ட போறேன்னுதானே சொல்றோம். ஆனா ஊரோட வந்தா "அட் உர்பெம்"னா நகரத்துப் பக்கம் வரைக்கும், உள்ள போனதா அர்த்தமில்ல. பழைய ரோம்ல வெற்றி ஊர்வலத்துக்குக் காத்திருக்கற தளபதி, பொமேரியும்ங்கற நகரத்தோட புனித எல்லைய தாண்டி உள்ள வந்துட்டா அதிகாரமும் போச்சு, ஊர்வலமும் போச்சு, அதனால அட் உர்பெம்தான் தங்கணும். கி.மு. 60ல ஸ்பெயின்லருந்து திரும்பின சீசர் அப்படித்தான் வெளிய நின்னார், ரோமோட உச்சப் பதவியான கான்சல் தேர்தல்ல நிக்க நேர்ல உள்ள வந்து பேர் கொடுக்கணும், வெளிய இருந்தே கொடுக்க அவர் அனுமதி கேட்டப்ப, அவரோட எதிரியான கேட்டோங்கறவர் பொழுது சாயற வரைக்கும் ரோமோட ஆட்சி மன்றமான செனட்ல பேசியே தடுத்துட்டார். சீசர் ஊர்வலத்த விட்டுட்டு நகரத்துக்குள்ள போனார், அடுத்த வருஷம் கான்சல் ஆனார். அட் உர்பெம், இன் உர்பெம் ரெண்டையும் "நகரத்துக்கு"ன்னே எழுதினா இந்தக் கதைல ஒண்ணுமே புரியாது.

பழைய கைப்பிரதி படிக்கப் போறவங்க இன்னும் கவனமா இருங்க. நடுக்காலத்துல எழுதினவங்க இந்தக் கடைசி "ம்"ம பல நேரம் எழுத்தா எழுதாம உயிரெழுத்து மேல சின்னதா ஒரு கோடு போட்டு விட்டுடுவாங்க, அது மங்கிப்போயிருந்தா உர்பெம் உங்க கண்ணுக்கு உர்பெவாத்தான் தெரியும். அப்ப வினைச்சொல்லத் தேடிப் பிடிங்க, ஆள் இருக்கானா போறானான்னு அதப் பாத்துட்டு அப்புறம் எழுதுங்க.