மலைக்குச் செய்யும் இரும்புக் கேட்டில் துரு உள்ளிருந்தே தொடங்குகிறது

சேலத்தில் வீடுகளுக்குச் செய்யும் அதே கேட்டை ஏற்காட்டுத் தோட்டங்களுக்கும் ஏற்றிச் செல்வது பலருடைய வழக்கம். சமவெளியின் வறண்ட வெயிலில் நெடுநாள் நிற்கும் இரும்பு, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனியும் சாரலும் படிந்துகொண்டே இருக்கும் இடத்தில் அவ்வளவு காலம் நிற்காது என்பதைப் பட்டறைக்காரன் என்ற முறையில் வலியுறுத்த விரும்புகிறேன்.

மலையிலிருந்து பழுதுக்கு வரும் கேட்டுகள் பலவற்றில் வெளிப்பூச்சு நன்றாகவே இருக்கும்; அடிச்சட்டத்தில் மட்டும் ஓட்டை விழுந்திருக்கும். குழாயின் வெட்டுமுனையை மூடாமல் விட்டதாலோ, வெல்டிங்கை முழுவதும் ஓட்டாமல் புள்ளி புள்ளியாக வைத்ததாலோ உள்ளே புகுந்த நீர், வெளியேற வழியின்றித் தேங்கி, பெயின்ட் எட்டாத உட்சுவரை அரித்துவிடுகிறது. முனைகளைத் தகடு வைத்து அடைத்து, இணைப்புகளைச் சுற்றிலும் முழுமையாக வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

குழாயின் கனத்தைக் கேஜ் என்னும் கன எண் கணக்கில் கேட்காமல் மில்லிமீட்டரில் கேட்டு, எடை போட்டு வாங்குங்கள். 50-க்கு 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய் 2 மில்லிமீட்டர் கனத்தில் 6 மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ 17.5 கிலோ இருக்கும், 1.6 மில்லிமீட்டர் என்றால் 14 கிலோவைச் சற்றே தாண்டும். மலைக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக நான் பரிந்துரைப்பதில்லை.

துத்தநாகம் பூசிய குழாய் நல்லதுதான். ஆனால் துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், வெல்டிங் செய்த இடமெல்லாம் பூச்சு எரிந்து வெறும் இரும்பாகிவிடுகிறது. அங்கே துத்தநாகம் கலந்த ஜிங்க் பெயின்ட் அடிக்காவிட்டால் பூசிய குழாய்க்குக் கொடுத்த கூடுதல் பணம் வீண். வசதி உள்ளவர்கள் கேட்டை முழுதாகச் செய்து முடித்த பிறகு துத்தநாகக் குழம்பில் முக்கியெடுக்கலாம். அதற்கு மட்டும் குழாய்களை முழுக்க அடைக்காமல் காற்றுத் துளைகள் விட்டாக வேண்டும். அடைபட்ட குழாய் அந்தச் சூட்டில் வெடித்து அருகிலிருப்பவர்களின் உயிருக்கே ஆபத்தாகும்.

சேலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருவாக்கும் ஆலையே இருப்பதால் அதைக் கேட்போரும் உண்டு. 304 ரகத்தைக் கேட்டு, அந்த ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். 304-இல் காந்தம் ஒட்டாது என்று காந்தம் வைத்துச் சோதிப்பவர்கள் உண்டு. ஆனால் நிக்கல் குறைந்து துருவை அவ்வளவாகத் தாங்காத 202 ரகத்திலும் காந்தம் பெரிதாக ஒட்டாது. ஆகவே காந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

காபித் தோட்ட வேலிகளில் முதலில் அரிப்பது கம்பியன்று, தூணின் அடி. கான்கிரீட்டைத் தரைமட்டத்திற்குச் சற்று மேலே உயர்த்தி, தூணிலிருந்து வெளிப்புறமாகச் சரிவாகப் பூசினால் மழைநீர் அங்கே தங்காது. காட்டெருமை நடமாடும் ஓரங்களில் மூலைத்தூண்கள் ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் சாய்வுத் தாங்கு கொடுப்பது அவசியம்.