கல்லூரி ஃபீஸும் அப்பாவின் பி.எஃப். பணமும்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், அம்பத்தூரில் இருக்கிற என் ஆபீஸுக்கு வரிக் கணக்கோடு வருகிறவர்களைவிட "சார், பி.எஃப்.ல எவ்வளவு எடுக்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

போன வருடம் வந்தவர் இங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார், வயது 54. கவுன்சலிங் வரைக்கும் பொறுக்கப் பயந்து, மகனுக்கு ஒரு காலேஜில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட்டுப் பேசி வைத்துவிட்டார். கேட்ட தொகையில் ரசீது எவ்வளவுக்குத் தருவார்கள் என்று கேட்டேன். பாதிக்குக்கூட இல்லை. நன்கொடை வாங்கக் கூடாதென்று தமிழ்நாட்டில் 1992லேயே சட்டம் வந்தாயிற்று, அது ஒரு பக்கம் இருக்கட்டும். ரசீது இல்லாத பணத்துக்கு எந்த வங்கியும் கல்விக் கடன் தராது, அதனால்தான் அது நேராக அப்பாவின் பி.எஃப்.பிலும் அம்மாவின் நகையிலும் வந்து கை வைக்கிறது. இன்னொன்று, அவர் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. அரசு கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை பையனுக்குக் கிடைத்திருக்கும், கோட்டா சீட்டுக்கு அது கிடையாது. யாரும் இதை அவரிடம் சொல்லவில்லை.

பெற்றவர்கள் பணம் கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அடிக்க வருவீர்கள், என் அப்பாவும் ஏலச்சீட்டு எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். ஆனால் 58ல் ரிட்டயர் ஆகப் போகிறவர் 54ல் பி.எஃப்.பில் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிட்டால், அப்புறம் மருந்துச் செலவுக்குக்கூட அதே பையனிடம்தான் போய் நிற்க வேண்டும், அவனுக்கோ அப்போதுதான் முதல் சம்பளம் வந்திருக்கும்.

நான் வழக்கமாகச் சொல்வது இதுதான்: அசல் பையன் தலையில், வட்டி உங்கள் தலையில். கல்விக் கடன் 4 லட்சம் வரைக்கும் பொதுவாக அடமானமோ வெளியாள் ஜாமீனோ தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சமாக, 10 சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் வருடம் வட்டி மாதம் 833 ரூபாய், நான்காம் வருடம் 3,333. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை இல்லை என்பதால் வட்டியையும் கட்டாமல் விட்டுவிடுகிறார்கள், கடைசியில் பையன் தவணை ஆரம்பிக்கும்போது 4 லட்சம் 5,40,000 ஆகி நிற்கிறது. அந்த 1,40,000த்தை மாதாமாதம் நீங்கள் கட்டிவிட்டால் அதுவே பெரிய உதவி. பழைய வருமான வரிமுறையில் இருந்தால் அந்த வட்டிக்குக் கழிவும் உண்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை. "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று வங்கியில் நீட்டுவார்கள். அது சாட்சிக் கையெழுத்து இல்லை, நீங்களும் கடன்காரர்தான். பையன் தவணை தவறினால் கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பார்க்கிற உங்கள் சிபில் ஸ்கோரும் சேர்ந்துதான் இறங்கும்.

இத்தனையும் கேட்டுவிட்டு லேத்காரர், "வீட்டுல பேசிட்டு வரேன் சார்" என்று எழுந்தார். பையனையும் கூட்டிக்கொண்டு வாங்க என்றேன். சனிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். அப்பாவின் சம்பளம் எவ்வளவு என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.