முகாமுக்குள் ஒரு முகாம்

பெத்லகேமுக்குப் பக்கத்தில் ஒரு பாலஸ்தீன அகதி முகாம். இஸ்ரேல் உருவான 1948-ல் ஊரை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் அங்கே வளர்கிறார்கள். சில வருடங்களுக்கு முன், 2023-ல் தொடங்கிய போருக்கெல்லாம் முன்னால், அங்கே நடந்த குழந்தைகள் கோடை முகாமில் மூன்று வாரம் வேலை செய்தேன். அரபியில் அகதி முகாமும் 'முகய்யம்'தான், கோடை முகாமும் 'முகய்யம்'தான். தமிழிலும் அதே கதை. முதல் நாளே ஒரு சிறுமி கேட்டாள்: "மிஸ், நாங்க முகாம்லதானே இருக்கோம்? எதுக்கு இன்னொரு முகாம்?"

பதில் தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

இரண்டாம் நாள் தாளும் கிரேயானும் கொடுத்து, "உங்களுக்குப் பயமானதை வரையுங்கள்" என்றேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஒரு கதவை வரைந்தான். வீடு இல்லை, ஆள் இல்லை, கதவு மட்டும். அதன் அடியில் நிறைய பூட்ஸ். கறுப்பு கிரேயானை அழுத்திய அழுத்தத்தில் அது இரண்டாக உடைந்தது. மனசைத் திறக்கிறான் என்று நான் உள்ளூர மகிழ்ந்துபோனேன். மறுநாள் காலை அவன் அம்மா வந்தார். நாலு மாதமாகப் படுக்கையை நனைக்காமல் இருந்தவன் நேற்று ராத்திரி நனைத்துவிட்டானாம். "நீங்க கேட்டுட்டுப் போயிடுவீங்க. ராத்திரி அவன் பக்கத்துல படுக்கிறது நான்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட மனநல வழிகாட்டியில், நடந்ததை ஒரே அமர்வில் கிளறிவிட்டுப் போகாதீர்கள் என்று இருக்கிறது. அதை நானே பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! இருந்தும் செய்தேன். வெளியிலிருந்து போகிறவர்களுக்கு இந்த ஆசை வந்துவிடுகிறது. டாங்கி வரைந்த படம் ஒன்று கிடைத்தால் அறிக்கைக்கு அட்டைப்படம் ஆச்சு.

அப்புறம் உள்ளூர்த் தன்னார்வலர்கள் செய்வதைப் பார்த்து அதன்படி நடந்தேன். தினமும் அதே நேரம், அதே வட்டம், அதே பாட்டு. இன்று என்னென்ன, நாளை என்னென்ன என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள். பார்க்க ஒன்றுமில்லாதது போலிருக்கும். ஆனால் எந்த ராத்திரி இஸ்ரேலிய ராணுவம் வந்து கதவை உடைக்கும் என்று தெரியாத வீட்டில், பிள்ளையின் உடம்பு தூக்கத்திலும் காவல் காக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்து, அது சொன்னபடியே நடக்கும்போதுதான் அந்தக் காவல் கொஞ்சம் தளரும்.

பலூன் கிடையாது. நான் வாங்கிப்போன இரண்டு பாக்கெட்டையும் பத்தொன்பது வயதுத் தன்னார்வலப் பெண் ஒருத்தி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஒன்று வெடித்தால் பாதிப் பேர் மேஜைக்கடியில் இருப்பார்கள் என்றாள். பதிலுக்குச் சோப்புக் குமிழி. பெரிய குமிழி வேண்டுமென்றால் மெதுவாக, நீளமாக ஊத வேண்டும். மூச்சு நீளமாக வெளியே போகும்போது இதயத்துடிப்பு தணியும். இது மூச்சுப் பயிற்சி என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. மாலையில் தப்கே நடனம். கைகோத்து வரிசையாக நின்று தரை அதிர மிதிப்பார்கள். அத்தனை சத்தத்துக்கும் ஒரு பிள்ளைகூட மிரளாது, சத்தம் அவர்களுடையது.

காஸாவில் ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் நிறுவனம் நடத்திய கோடை விளையாட்டுகள் பெரிய அளவில் நடந்தவை. 2011 ஜூலையில் பெய்த் லாஹியா கடற்கரையில் பிள்ளைகள் 12,000-க்கும் மேற்பட்ட பட்டங்களை ஒரே நேரத்தில் பறக்கவிட்டு உலக சாதனை செய்தார்கள். அவர்கள் பேச்சில் பட்டமும் 'தய்யாரா', விமானமும் 'தய்யாரா'. அந்த வார்த்தைக்கு நூல் கட்டித் தங்கள் கையில் வைத்திருந்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன். மூன்றே வருடத்தில், 2014 கோடை விடுமுறையில், ஐம்பது நாள் போர். 500-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

2023 அக்டோபருக்குப் பிறகு நிலைமை வேறு. பள்ளிக்கூடங்களே தங்குமிடமாகிவிட்டன. பெற்றோரையோ உறவினரையோ பிரிந்த குழந்தைகள் 17,000 பேர் இருக்கலாம் என்று 2024 தொடக்கத்தில் யுனிசெஃப் மதிப்பிட்டது. அங்கே தார்ப்பாய்க்குக் கீழே வட்டம் கூட்டிப் பாட்டுப் பாடுபவர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான்.

பாலஸ்தீன மனநல மருத்துவர் சமாஹ் ஜப்ர் பல வருடங்களாக ஒன்றைச் சொல்லிவருகிறார்: அதிர்ச்சிக்குப் 'பிந்தைய' பாதிப்பு என்ற பெயர் இங்கே பொருந்தாது, ஏனென்றால் 'பிந்தைய' காலம் வரவேயில்லை. சரி, அப்படியென்றால் கோடை முகாம் எதைக் குணப்படுத்தும்? ஒன்றையும் குணப்படுத்தாது. நிதி கொடுப்பவர்களின் படிவத்தில் 'முன் மதிப்பெண், பின் மதிப்பெண்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். வாரக்கணக்கில் பேசாத பிள்ளை, ஒரே சம்பவத்தை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப விளையாடும் பிள்ளை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை, இவர்களைக் கண்டுபிடித்து, தொடர்ந்து பார்க்கக்கூடிய உள்ளூர் ஆளிடம் சேர்ப்பது முகாம் செய்யக்கூடிய வேலை. மற்றவர்களுக்கு அது ஒரு கோடை, அவ்வளவுதான்.

நடத்துகிறவர்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பலூனைப் பூட்டிவைத்த அந்தப் பெண்ணின் தம்பியை ஒரு ராத்திரி வந்து பிடித்துப் போனார்கள். காலை எட்டு மணிக்கு அவள் வந்து நின்றாள். வீட்டுக்குப் போ என்றால் போகவில்லை. ஒருங்கிணைப்பாளர் அன்றைக்கு அவளை வட்டம் நடத்த விடாமல் ஜூஸ் ஊற்றும் இடத்தில் உட்காரவைத்தார். நாள் முழுக்க ஊற்றினாள்.

கடைசி வாரம் காகிதச் சங்கிலி ஒன்று தொங்கவிட்டு, தினம் ஒரு வளையம் வெட்டினோம். முடியப்போகிறது என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும். கடைசி வளையத்தைக் கதவு வரைந்த பையன் வெட்டினான். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் எந்தத் தேதி என்று கேட்டான். ஜூலையில் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ஒருங்கிணைப்பாளர் முந்திக்கொண்டார்: "தேதி சொல்ல மாட்டேன். நடந்தா உன் வீட்டுக்கு வந்து சொல்றேன்."

அவன் தலையாட்டிவிட்டு, எங்கள் வீடு எந்தச் சந்தில் என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தான்.