கட்டியைக் காட்டிக்கொடுக்கும் பக்கத்துச் செல்

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சித்தப்பாவுக்குக் கணையத்தில் கட்டி, திருவனந்தபுரத்தில் பெட் ஸ்கேனுக்கு நாள் குறித்தாயிற்று, ஆனால் சுகர் குறைந்தால்தான் ஸ்கேன் என்கிறார்களாம். சுகரைப் பார்க்காத ஸ்கேன் எதுவும் கிடையாதா?

வழக்கமான பெட் ஸ்கேனில் கதிரியக்க ஃபுளோரின் ஒட்டிய குளுக்கோஸை ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுநோய்ச் செல் பெரும்பசிக்காரன், அதை அள்ளிக்கொண்டு படத்தில் ஒளிரும். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைய இருந்தால் இரண்டுக்கும் போட்டி வந்து படம் மங்கிவிடும். மூளையும் குளுக்கோஸ் தின்பதால் அதுவும் சேர்ந்து ஒளிரும்.

சரி, வேறு வழி? கட்டி என்றால் முழுக்கப் புற்றுநோய்ச் செல்தான் என்று நினைக்கிறோம். கணையக் கட்டியில் பல நேரம் பாதிக்கு மேல் இருப்பது அதைத் தாங்கி நிற்கும் நார்த்திசு. அதை நெய்பவை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், புண் ஆற வருகிற அதே நல்ல செல்கள்தான். புண் ஆறியதும் அடங்கவேண்டியவை, கட்டிக்குள் அடங்காமல் வேலை பார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஆறாத புண்தான் புற்றுக்கட்டி என்று அமெரிக்க நோயியல் மருத்துவர் ஹெரால்ட் டுவோராக் 1986-லேயே எழுதினார். அப்படி விழித்திருக்கும் செல்லின் மேல்தோலில் எஃப்.ஏ.பி. என்ற நொதி முளைக்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களின் உடம்பில் அது மிகக் குறைவு.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இந்த நொதியைப் பிடிக்கிற விதம். புரதச் சங்கிலியில் புரோலைன் வருகிற இடத்தைப் பார்த்து, அதற்கு அடுத்து வெட்டுவது அதன் தொழில். அதன் குழிக்குள் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, வெட்டுவது அதுதான். வேதியியலாளர்கள் புரோலைன் மாதிரியே ஒரு வளையம் செய்து, வெட்டு விழவேண்டிய இடத்தில் கார்பனும் நைட்ரஜனும் மூன்று பிணைப்பால் இறுகிய சயனோ தொகுதியை வைத்தார்கள். செரின் வழக்கம்போலப் பாய்கிறது, ஆனால் வெட்ட முடிவதில்லை, பிணைந்துகொள்கிறது. பாக்குவெட்டியில் கூழாங்கல் சிக்கினது போல. அப்புறம் செல் அந்த நொதியைச் சிக்கிய மூலக்கூறோடு சேர்த்தே உள்ளே இழுத்துக்கொள்கிறது! சித்தப்பா சுகருக்கு சிட்டாகிளிப்டின் சாப்பிடுபவராக இருக்கலாம். அந்த மாத்திரை அடைக்கிற டி.பி.பி.-4 என்ற நொதி எஃப்.ஏ.பி.க்கு நெருங்கிய சொந்தம், அதில் ஒட்டாமல் இதில் மட்டும் ஒட்டவைப்பதில்தான் பாதி உழைப்பு போயிருக்கிறது.

அந்த மூலக்கூறின் வாலில் 68 நிமிட அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) கொண்ட கதிரியக்க காலியம்-68-ஐக் கட்டினால் ஸ்கேன். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழு 2019-ல் 28 வகைப் புற்றுநோய்களில் இதைப் பார்த்துக் காட்டியது. பட்டினி வேண்டாம், சுகர் தடையில்லை. மூட்டுவாதமும் ஆறிவரும் எலும்பு முறிவும்கூட ஒளிரும் என்பதால் படம் படிப்பவருக்குக் கவனம் வேண்டும்.

அதே வாலில் காலியத்துக்குப் பதில், கதிர்வீச்சால் கட்டியைத் தாக்கும் லுட்டீசியம்-177-ஐக் கட்டினால் மருந்து. அதன் அரை ஆயுள் ஆறரை நாளுக்கும் சற்று மேல், மூலக்கூறோ சில மணி நேரத்தில் கட்டியை விட்டுக் கழன்றுவிடுகிறது. அதனால் ஒரே மூலக்கூறில் இரண்டு பிடிகள் வைத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஜெர்மன் வேதியியலாளர்களோடு சேர்ந்து தைராய்டு புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள், கூடுதல் நேரம் தங்குகிறது. லுட்டீசியம் நம் மும்பை டிராம்பேயில் இருக்கும் துருவா அணு உலையிலேயே தயாராகிறது. இதற்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் கொடுக்கவேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. கட்டியைக் கரைக்கும் பொடி என்று கேரள எல்லையான புளியரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விற்பவர்களிடம் குடும்பங்கள் நகையை விற்றுக் கொட்டுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

வாசகருக்கு: இந்தப் புது ஸ்கேன் எல்லா ஊரிலும் கிடைக்காது. அதற்காகக் குறித்த நாளைத் தள்ளிப்போடவேண்டாம். மாத்திரை, இன்சுலின் விவரத்தை முன்கூட்டியே ஸ்கேன் பிரிவில் சொல்லி, எப்போது எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.