ரெஃபூஜியம்: புகல்தொட்டி

சுங்கை சிப்புட் என்ற மலாய்ப் பெயருக்கு நத்தை ஆறு என்று பொருள். மலேசியாவில் உள்ள அந்த ஊரில், தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) குடிபெயர்ந்த என் மாமா ஒருவர் வரவேற்பறையில் மூன்றடி நீளக் கடல்நீர்த் தொட்டி வைத்து மீன் வளர்க்கிறார். தொட்டிக்கு மேலே இரும்புச் சட்டத்தில் ஒரு சிறிய கண்ணாடித் தொட்டி. அதில் மீன் ஒன்றும் இல்லை, பாசி மட்டுமே. "இதுக்கு என்ன பேரு மாமா?" என்று கேட்டேன். "ரெஃபூஜியம்" என்றார். தமிழில் என்னவென்று கேட்டதற்கு, சற்றும் யோசிக்காமல், "ஃபில்டர்" என்றார். அந்த விடை இரண்டு வகையில் தவறு. ஒன்று, அது தமிழ் இல்லை, அதை மன்னிக்கலாம். மற்றொன்று, அந்தத் தொட்டி வடிகட்டி இல்லை. வடிகட்டி எதையாவது பிடித்து நிறுத்தும். இதுவோ சில உயிர்களைப் பிழைக்க விடுவதற்காக வைக்கப்பட்டது. பெயரே அதைத்தான் சொல்கிறது.

இலத்தீனில் ஃபுகெரே என்றால் தப்பியோடுதல். அதன் முன் 'பின்னோக்கி' என்று பொருள்படும் 'ரெ' சேர்ந்தால் ரெஃபுகெரே, அதாவது பின்வாங்கி ஓடுதல். அப்படி ஓடிச் சேரும் இடமே ரெஃபூஜியம். பொருள்களை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் கருவியின் பெயரிலும் இதே ஓட்டம் இருக்கிறது: மையத்தை விட்டு ஓடுவது. பிரான்சில் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை அளித்திருந்த நாந்து ஆணை 1685இல் நீக்கப்பட்டபோது நாட்டைவிட்டு வெளியேறிய, ஊகனாட் எனப்பட்ட அந்தக் கிறித்தவர்களைக் குறித்தே, ஏதிலியைச் சுட்டும் ரெஃபியூஜி என்ற சொல் ஆங்கிலத்தில் பரவியது. மலாயும் இதே வழியில் சிந்தித்திருக்கிறது: லாரி என்றால் ஓடு, பெலாரியான் என்றால் ஏதிலி. தமிழின் அகதி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கதியற்றவர் என்பதால் அகதி. அங்கே ஓட்டம் இல்லை, வழியின்மை இருக்கிறது.

உயிரியலார் ரெஃபூஜியம் என்ற சொல்லை முதலில் நிலப்பரப்புக்கே பயன்படுத்தினர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உறையாமல் எஞ்சிய ஒதுக்கிடங்களில் சில மரங்களும் விலங்குகளும் தாக்குப்பிடித்து, பனி விலகியபின் மீண்டும் பரவின. அந்த ஒதுக்கிடங்களை ரெஃபூஜியம் என்றனர். மீன் வளர்ப்போர் அதைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்தனர். காட்சித் தொட்டியில் இருக்கும் மீன்கள், கடுகினும் சிறிய, இறாலுக்கு உறவான துடுப்புக்காலிகளை (கோப்பிபாட்) விட்டுவைக்காமல் தின்றுவிடும். அதே நீரோட்டத்தில் இணைந்த, மீன் புகாத தனித் தொட்டி ஒன்று இருந்தால் அவை அங்கே பெருகி, நீரோடு வழிந்து மீனுக்குச் சிறிது சிறிதாக உணவாகும். கம்பிச்சுருள் போலப் படரும் கீட்டோமார்ஃபா என்ற பச்சைப்பாசியையும் அங்கேயே வளர்ப்பார்கள். மீனின் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அது உறிஞ்சிக்கொள்ளும். வளர்ந்த பாசியில் ஒரு பிடியை அள்ளி வெளியே எறிந்தால் அந்தச் சத்துகளும் நீரைவிட்டு நீங்கிவிடும். மாமா அந்தத் தொட்டியின் விளக்கை இரவில் மட்டும் போடுகிறார். இருளில் காட்சித் தொட்டியின் கரியமில வாயு கூடி நீரின் காரத்தன்மை இறங்குவதை, வெளிச்சத்தில் விழித்திருக்கும் பாசி ஓரளவு தடுக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். அடைக்கலம் என்பது ஒருவர் மற்றொருவரிடம் காக்கும்படி ஒப்படைப்பது. அதில் காப்பவரே பெரியவர். தஞ்சத்தில் கெஞ்சலின் குரல் கேட்கிறது. சரணாலயம் பறவைகளுக்கும் யானைகளுக்கும் பழகிவிட்டது. இரண்டு அடித் தொட்டிக்கு அது மிகைச் சட்டை. புகல் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. புகு என்ற வினையிலிருந்து வந்த இது, உள்ளே நுழைந்து சேரும் இடத்தைக் காட்டுகிறது. இலத்தீன்காரர் எங்கிருந்து ஓடினோம் என்று பார்த்தார். தமிழர் எங்கே நுழைந்தோம் என்று பார்த்தார். குறள் 340இல் உயிருக்கு நிலையான வீட்டைப் புக்கில் என்றும், தற்காலிக ஒதுக்கிடத்தைத் துச்சில் என்றும் வள்ளுவர் பிரிக்கிறார். பனியுகத்து ஒதுக்கிடம் துச்சில் என்றால், தலைமுறை தலைமுறையாகத் துடுப்புக்காலிகள் பெருகும் இந்தத் தொட்டியைப் புக்கில் என்றே சொல்லலாம். ஆனாலும் இன்றைக்கு விளங்குவது புகல்தொட்டி. இலக்கணப்படி புணர்த்தினால் புகற்றொட்டி என்று வரும். அதைக் கடைக்காரரிடம் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இந்தத் தொட்டியை இணைக்கும் குழாய்களுக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. நீர் கீழே இறங்கும் குழாயைச் சிலர், ஈர்ப்பு விசையால் வடியும் குழாய் என்று நீட்டி எழுதுகிறார்கள். சோற்றை நாம் வடிக்கிறோம். நீரோ தானே வடிகிறது. வடிதல் என்ற தன்வினைக்குள் ஈர்ப்பு விசை அடங்கியே இருக்கிறது. பால்மரத்தில் (ரப்பர் மரம்) சாய்வாகக் கீறிய கோட்டில் பால் இறங்கி மங்கில் (கிண்ணம்) விழுவதை வடிகிறது என்று சொல்லும் தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லயத்துத் தண்ணீர்த் தொட்டியும் இதே ஏற்பாடுதான்: மேலே ஏற்றுவது மோட்டார், கீழே இறங்குவது தண்ணீரின் வேலை. மாமா புகல்தொட்டியை மேலே வைத்ததற்கும் காரணம் உண்டு. கீழே வைத்தால் துடுப்புக்காலிகள் பம்பின் விசிறிக்குள் புகுந்துதான் மீனிடம் வர வேண்டும். மேலே இருந்தால் அடிபடாமல் வழிந்து வரும்.

அந்த வழிவுக் குழாயின் வாய்க்கு நம் ஏரிகளில் ஒரு சொல் இருக்கிறது: கலிங்கு. ஏரி நிறைந்தபின் மிகுநீர் வெளியேறும் இடம் அது. எவ்வளவு மழை பெய்தாலும் ஏரியின் மட்டத்தை முடிவு செய்வது கலிங்கின் உயரமே. புகல்தொட்டிக்குள் நிமிர்த்தி நிறுத்திய குழாயின் விளிம்பும் அதையே செய்கிறது. பம்பை வேகமாக ஓடவிட்டால் விளிம்பின் மேல் நீர் சற்றுத் தடிப்பாக வழியும், மட்டம் பெரிதாக ஏறாது. கீழிறங்கும் குழாய்க்குத் தூம்பு என்பது பழம்பெயர். யானையின் துதிக்கையையே தூம்புடைத் தடக்கை என்று சங்கப் புலவர்கள் பாடினார்கள்.

மாமாவின் ஏற்றுகுழாய் அரை அங்குலம், தூம்பு ஓர் அங்குலம். இறங்கும் வழி எப்போதும் ஏறும் வழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கண்ணாடியில் துளையிட்டுப் பொருத்தும் டேங்க் கனெக்டரில் ரப்பர் வளையம் தலைப்பக்கம் இருக்க வேண்டும், நட்டின் பக்கம் அன்று. பதப்படுத்திய (டெம்பர்டு) கண்ணாடியில் துளையிட்டால் முழுத் தகடும் நொறுங்கிவிடும். இவற்றையெல்லாம் அவர் சரியாகச் செய்திருந்தார். கலிங்கு வாயில் வலைத்தொப்பி போட மட்டும் மறந்துவிட்டார். நான் தங்கியிருந்த ஓர் இரவில் பாசிக் கொத்து ஒன்று குழாய்க்குள் இறங்கி அடைத்துக்கொண்டது. விடியற்காலையில் கால் வைத்த இடமெல்லாம் உப்புத் தண்ணீர். கதவிடுக்கு வழியாக வாசல் லோங்காங் (கழிவுநீர்க் கால்வாய்) வரை ஓடியிருந்தது. நாங்கள் பதறி மின்சாரத்தை நிறுத்தியதும் வேறொரு குறை வெளிப்பட்டது. ஏற்றுகுழாயின் வாய் மேல்தொட்டி நீருக்குள் ஆழமாக மூழ்கியிருந்ததால், நீர் அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கத் தொடங்கியது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் சிறு துளை ஒன்று இட்டால் போதும்: மட்டம் துளைவரை இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். துளையை அன்றே இட்டோம்.

இப்போது வலைத்தொப்பியைக் கழுவும்போதெல்லாம் மாமா, "கலிங்க சுத்தம் பண்ணிட்டேன்" என்கிறார். தொட்டியை மட்டும் இன்னும் ஃபில்டர் என்றே சொல்கிறார்.