நோட்டுல எழுதினா மூளைக்குள்ள என்ன நடக்குது?

தினமும் கற்றுக்கொண்டதையும் வேலையில் நடந்ததையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பவர்களிடம் ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டால், ‘பின்னால் தேவைப்பட்டால் எடுத்துப் பார்க்கலாமே’ என்பார்கள். பெரும்பாலும் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. போன வருட நோட்டு அலமாரியில் எங்கோ கிடக்கும், மொபைலில் எழுதியிருந்தால் எந்த ஆப்பில் எழுதினோம் என்பதே மறந்திருக்கும். அதற்காக எழுதியது வீணாகிவிடாது, ஏனென்றால் நோட்டு செய்யும் வேலையில் பெரும்பகுதி எழுதும் அந்தச் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது.

மறதியை முறையாக அளந்து பார்த்த முதல் ஆள் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்காஸ். சோதனைக்கு ஆள் தேடாமல் தன்னையே உட்காரவைத்து, அர்த்தமே இல்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். கொஞ்ச நேரம் விட்டு அதையே மறுபடி மனப்பாடம் செய்யும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கெடுத்து 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். 20 நிமிடம் கழித்துப் படித்தால் 58 சதவீதம் மிச்சம், ஒரு மணி நேரம் கழித்து 44, ஒரு நாள் கழித்து 34. ஆனால் 31 நாள் ஆனபிறகும் 21. அதாவது மறதியின் பெரிய சரிவு முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது, அப்புறம் ஆமை வேகம்தான். அர்த்தமுள்ள விஷயம் இவ்வளவு வேகமாக மறக்காது என்றாலும், ‘ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுக்கக் கற்றதை எழுதிக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுபவர்கள் இந்த எண்களை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

சரி, அன்றன்றைக்கே எழுதுகிறோம். எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களுக்கு சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சின்னக் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒரு முறை இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார்கள், இன்னொரு முறை கட்டுரையை மூடிவைத்துவிட்டு நினைவிருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்ததுதான் ஜெயித்தது, 81-க்கு 75. ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்ததில் 42 சதவீதம்தான் தங்கியிருந்தது, மூடிவைத்து எழுதியதில் 56. நினைவைத் தேடி எடுக்கும் சிரமம்தான் அந்த நினைவை உறுதியாக்குகிறது. கொடுமை என்னவென்றால், திரும்பப் படிப்பவருக்குத்தான் ‘நமக்கு நன்றாகத் தெரிகிறது’ என்ற தைரியம் அதிகம் வருகிறது.

ஆகவே வீடியோவை நிறுத்தி நிறுத்தி அப்படியே காப்பி எடுப்பதும், ஸ்க்ரீன்ஷாட் குவிப்பதும் கைக்கு வேலையே தவிர மூளைக்கு வேலை இல்லை. ‘இன்று எக்ஸெல்லில் நிறைய கற்றேன்’ என்று எழுதினாலும் அதே கதிதான், அதை எழுத மூளை எதையும் தேட வேண்டியதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள் (வீலுக்அப் என்பது பட்டியலில் தேடி எடுத்துத் தரும் எக்ஸெல் ஃபார்முலா): ‘விலைப்பட்டியலில் வீலுக்அப் போட்டதும் தப்பான விலை வந்தது, எரர் காட்டவே இல்லை. கடைசியில் ஃபால்ஸ் போடாமல் விட்டதால் சரியாகப் பொருந்துவதைத் தேடாமல் தோராயமாக ஒன்றைப் பிடித்திருக்கிறது. பட்டியலும் வரிசையாக இல்லை.’ நாலு வரிதான், ஆனால் திரையைப் பார்க்காமல் இதை எழுத வேண்டுமென்றால் என்ன நடந்தது, ஏன் நடந்தது, எது எதோடு சேர்ந்து தப்பானது என்று மூளை முழுச் சம்பவத்தையும் மறுபடி கோத்தாக வேண்டும். எழுதி முடித்தபின் எக்ஸெல்லைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

கையால் எழுதணுமா, டைப் அடிக்கலாமா என்பது எப்போதும் வரும் சண்டை. கையெழுத்துதான் உசத்தி என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்து பிரபலமானது. வேறொரு குழு அதைத் திரும்பச் செய்து 2019-இல் வெளியிட்டபோது அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. என்னைக் கேட்டால் எது கைவசம் இருக்கிறதோ அது.

எழுதும்போது நடப்பது இவ்வளவு. ஆனால் பழைய நோட்டைத் திறந்தே ஆகவேண்டிய சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது: நம் நினைவு நம்மிடமே பொய் சொல்லும்போது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் போவதற்கு முன், இஸ்ரேலில் ஃபிஷ்ஹாஃப், பெய்த் என்ற ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ‘நிக்சன் மாவோவைச் சந்திப்பாரா?’ என்பதுபோலப் பல கேள்விகள் கேட்டு, நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று எண் போடச் சொன்னார்கள். பயணம் முடிந்து நாள் கழித்து, ‘அன்று என்ன எண் போட்டீர்கள்?’ என்று அவர்களிடமே கேட்டார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் முதலிலேயே அதிக வாய்ப்பு கொடுத்ததாகத்தான் பலரும் நினைத்தார்கள். ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று நாம் எல்லோரும் சொல்வது வேண்டுமென்றே விடும் பீலா இல்லை, முடிவு தெரிந்ததும் மூளை பழைய நினைவைச் சத்தமில்லாமல் திருத்திவிடுகிறது. இந்த வேலை மூன்று நாளில் முடியும் என்று திங்கட்கிழமை எழுதியிருந்து, அது ஒன்பது நாள் இழுத்தால், நோட்டில் உள்ள ‘மூன்று’ மட்டும் மாறாது. சுயமுன்னேற்றம் என்று பேசுபவர்கள் லட்சியங்களை எழுதச் சொல்வதைவிட ஊகங்களை எழுதச் சொன்னால் நிறையப் பேருக்கு உபயோகமாக இருக்கும்.

இது டார்வினுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தன் முடிவுகளுக்கு எதிரான தகவல் எது கண்ணில் பட்டாலும் உடனே குறித்துக்கொள்வதைப் பல வருடம் ஒரு விதியாகவே வைத்திருந்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சாதகமான தகவல்களைவிட எதிரானவைதான் சீக்கிரம் மறந்துபோகின்றன என்பது அவர் அனுபவம். தன் ஞாபகசக்தியைப் பற்றிச் சலித்துக்கொண்டே இருந்த மின்சார ஆராய்ச்சியாளர் மைக்கேல் ஃபாரடே, 1832 முதல் ஆய்வுக் குறிப்பின் ஒவ்வொரு பத்திக்கும் எண் போட ஆரம்பித்தார், அது பதினாறாயிரத்தையும் தாண்டியது. ஈர்ப்புவிசைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க, 1849-இல் கம்பிச்சுருள்களை உயரத்திலிருந்து விழவிட்டுப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் போனதும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது.

கடைசியாக, எப்போது எழுதுவது? டெக்சாஸின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூங்குமுன் ஐந்து நிமிடம் எழுதவைத்துப் பார்த்தார்கள், 2018-இல் அது வெளிவந்தது. முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனிமேல் செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்பே தூங்கிவிட்டார்கள். அந்தப் பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ தூக்கமும் அவ்வளவு சீக்கிரம் வந்தது. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் அன்றைக்குக் கற்றதை வேலை முடிந்து கிளம்பும் முன் எழுதிவிட்டு, நாளைக்கு யாருக்கு போன் பண்ணணும், எந்த பில் கட்டணும் என்பதை மட்டும் படுக்கைக்கு வைத்துக்கொள்ளலாம்.