மகரக்கட்டு வந்த பிள்ளையை என்ன செய்வது?

போன ஆடி மாதம் ஒரு தாயும் மகனும் வந்தார்கள். பையனுக்கு 13 வயது. கையில் ஒரு நீளமான நோட்டு, அட்டை பிய்ந்து செல்லோடேப் ஒட்டியது. உள்ளே கீர்த்தனைகளை ஸ்வரத்தோடு எழுதி, தாளக் குறிகளைச் சிவப்பு மையில் போட்டிருந்தான். பேச்சைத் தொடங்கியது அம்மாதான். "வருகிற ஞாயிற்றுக்கிழமை போட்டி, டாக்டர். இரண்டு வாரமாகத் தொண்டை கட்டியிருக்கிறது. ஊசி போட்டாவது அதற்குள் சரிசெய்துவிடுங்கள்."

பையனைப் பாடச் சொன்னேன். அம்மாவின் கைப்பேசியில் சுருதி ஐந்தரைக் கட்டையில் ஓடியது. சுருதியின் உயரத்துக்கான அளவுதான் கட்டை. ஸட்ஜம் முதல் மத்யமம் வரை பழுதில்லை. பஞ்சமத்தைத் தாண்டியதும் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒன்று கீச்சென்று மேலே போனது, இன்னொன்று கரகரவென்று அடியில் கிடந்தது. பாட்டை நிறுத்திவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தைப் பார்க்க ஆரம்பித்தான். "திரும்பப் பாடு" என்றார் அம்மா. அவன் பாடவில்லை.

மெல்லிய கேமரா குழாயை மூக்கு வழியாக விட்டுக் குரல்வளையைப் பார்த்தேன். திரையில் குரல்நாண்கள் இரண்டும் வெள்ளையாக, விளிம்பு சுத்தமாக இருந்தன. கொஞ்சம் சிவப்பு உண்டு. இரண்டும் ஒட்டும்போது பின்பக்கம் முக்கோணமாக ஒரு சிறு இடைவெளி. "நோய் ஒன்றும் இல்லை அம்மா. மகரக்கட்டு வந்திருக்கிறது" என்றேன். பருவ வயதில் குரல் உடைவதற்குப் பெயர் அது. அந்தச் சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. உடன் வந்திருந்த பாட்டிக்குத் தெரிந்திருந்தது. "நான் சொன்னேன் அல்லவா" என்பதுபோல் மருமகளைப் பார்த்தார். பாட்டியின் பையில் சித்தரத்தையும் பனங்கற்கண்டும் இருந்தன என்பது வேறு விஷயம்.

காவிரிக் கரையில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருப்பவனிடம் பாடுகிற பிள்ளைகள் வராமல் இருக்க மாட்டார்கள். 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துவருகிறேன். அவர்களுடைய வாழ்க்கையில் இசை என்னவாகப் போகிறது என்பது பெரும்பாலும் முதல் கோப்பை வாங்கிய நாளிலோ அரங்கேற்றத்திலோ முடிவாவதில்லை. குரல் உடைகிற அந்த ஓர் ஆண்டில், சுற்றியிருக்கும் பெரியவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் முடிவாகிறது.

உள்ளே நடப்பது இதுதான். சிறுவனுடைய குரல்நாண் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். பருவம் வரும்போது டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் சுரந்து, குரல்வளை முன்பக்கமாகப் புடைக்கிறது. கழுத்தில் தெரியும் மேடு அதுதான். குரல்நாண் நீண்டு தடிக்கிறது. வளர்ந்த ஆணுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். தந்தி நீண்டு தடித்தால் நாதம் இறங்கும் என்பதை வீணை பிடித்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சுக் குரல் சுமார் ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ஸட்ஜத்திலிருந்து கீழ் ஸட்ஜம் வரையான தூரம், இறங்கிவிடும். ஐந்தரைக் கட்டையில் பாடியவன் கடைசியில் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் வந்து நிற்பான். பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் இது நடக்கும். சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல்.

ஆறு வருடம் பழகிய வீணையைப் பிடுங்கிக்கொண்டு, விரல் வைக்கும் மெட்டுகள் இடம் மாறிய வேறொரு வீணையைக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? வேகமான பிருகாவெல்லாம் புரண்ட தொண்டையில் ஒரு நாள் காலை எதுவும் வைத்த இடத்தில் இல்லை. அதையும் அவன் நாலு பேர் முன்னால்தான் கண்டுபிடிக்கிறான்.

பழைய நாடகக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1918ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக இருந்து தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா போன்ற பாலர் கம்பெனிகள் சிறுவர்களின் உச்சக் குரலை நம்பித்தான் நடந்தன. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். மகரக்கட்டு வந்தால் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கைவிட்டுப் போகும். சாப்பாடே குரலை நம்பியிருந்த பிள்ளைகளுக்கு அது என்ன கலக்கமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் குறைந்தபட்சம் அதற்கு ஒரு பெயராவது இருந்தது. இன்று பெயரும் போய்விட்டது. "பாட்டுச் சாதகம் போதவில்லை", "ஐஸ்கிரீம் தின்றாய்", "கவனம் செல்போனில் இருக்கிறது" என்பவையே மிச்சம்.

பிடிவாதமாகப் பழைய சுருதியிலேயே பாடவைத்தால் என்ன ஆகும்? இன்னொரு பையனைச் சொல்கிறேன். அவனுக்கு 17 வயது. மீசை அரும்பியிருந்தது, தோள் அகன்றிருந்தது. வாயைத் திறந்தால் எட்டு வயதுக் குரல். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூடக் குரல் கொடுக்காமல் கையை மட்டும் தூக்கப் பழகிவிட்டான். போனில் பேசுவதே இல்லை. வீட்டில் கண்ணாடி அலமாரி நிறைய கோப்பைகள் என்றார் அப்பா. ஆறு கட்டையில் பாடி வாங்கியவை.

குரல்வளையைப் பார்த்தேன். முழுக்க வளர்ந்த ஆணின் குரல்வளை. எதிலும் குறையில்லை. "தம்பி, ஒரு தடவை நன்றாக இருமு" என்றேன். இருமினான். அந்த இருமல் அடிவயிற்றிலிருந்து வந்த ஆண் குரல். அவனே திடுக்கிட்டான். இருமலை அப்படியே 'ஆ' என்று இழுக்கச் சொன்னேன், கழுத்து மேட்டை விரலால் லேசாக அழுத்திக்கொண்டு. மூன்றாவது முயற்சியில் குரல் கீழே இறங்கி உட்கார்ந்தது. குரல் பயிற்சியாளரிடம் அனுப்பினேன். சில வாரங்களில் அந்தக் குரலிலேயே பேச ஆரம்பித்துவிட்டான். இது மருந்தோ கத்தியோ தேவைப்படாத கோளாறு. எல்லாரும் மெச்சிய குரலை விட மனம் வராமல், தன்னை அறியாமலேயே அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறான். ஆனால் அவன் திரும்பப் பாடவில்லை. கேட்டேன், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினான். எனக்கு உறுத்துவது அந்தக் கோப்பைகள்தான்.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை என்று நினைப்பதும் தவறு. அவர்களுக்கும் குரல் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறங்கும். வயதுக்கு வரும் காலத்தை ஒட்டிக் குரலில் காற்று கலந்தாற்போல இருக்கும், மேல் ஸ்தாயி சில மாதம் ஒத்துழைக்காது. உடைகிற சத்தம் கேட்காததால் யாரும் கண்டுகொள்வதில்லை, திட்டு மட்டும் தவறாமல் விழும்.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி பற்றி எழுதினால் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், பரவாயில்லை. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கரகரத்த குரலோடு வந்தாள். குரல்நாண் இரண்டிலும் நேருக்கு நேர் காய்ப்பு. மண்வெட்டி பிடித்த கையில் காய்த்துப்போவதுபோலத்தான் இதுவும். உரசி உரசி வருவது. ஒத்திகை, பதிவு, நள்ளிரவில் கார்ப் பயணம், மறுநாள் பள்ளி. பிள்ளைகளுக்கு இந்தக் காய்ப்பை அறுவை செய்வது அரிது. ஓய்வும் குரல் பயிற்சியும் கொடுத்தால் பெரும்பாலும் கரையும். அந்த ஓய்வு கிடைக்க வேண்டுமே.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று: 14 வயது நிரம்பாத பிள்ளைகளைக் கலை நிகழ்ச்சித் தயாரிப்புகளில் ஈடுபடுத்துவதற்கு 2017ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகள் பொருந்தும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். பிள்ளைக்கு விருப்பமில்லாமல் பங்கேற்க வைக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. படப்பிடிப்புத் தளத்தில் இதைச் சொல்லிக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

இசை படித்தால் கணக்கு வரும், மதிப்பெண் கூடும் என்று சொல்லிப் பிள்ளையை வகுப்பில் சேர்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அலுப்பாக இருக்கிறது. என் அறையில் நான் பார்ப்பது வேறு. மூக்கில் குழாய் விடும்போது மற்ற பிள்ளைகள் திமிறுவார்கள். பாடுகிற பிள்ளை மூச்சை நிதானமாக இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரே ஜண்டை வரிசைப் பயிற்சியை 50 தடவை தப்பாகப் பாடி, 51வது தடவை சரியாகப் பாடிப் பழகியதன் பலன் அது. நாலு பேர் எதிரில் "தப்பு, திரும்பப் பாடு" என்று கேட்டுக்கொண்டு, அழாமல் திரும்பப் பாடத் தெரிந்திருக்கிறது. இதெல்லாம் தொண்டையில் இருக்கும் சரக்கு அல்ல. குரல் உடைந்தால் இது உடையாது, நாம் உடைக்காத வரை.

அதனால் அந்த ஓராண்டில் பிள்ளையை மேடையிலிருந்து இறக்கினால் போதும், பாட்டு வகுப்பை நிறுத்த வேண்டாம். அரசு இசைப்பள்ளிகளில் 12 வயதிலிருந்து சேர்த்துக்கொள்கிறார்கள். சரியாக மகரக்கட்டு வாசலில் நிற்கிற வயது. அங்கே குரலிசை வகுப்புக்குப் பக்கத்து அறையிலேயே வயலினும் மிருதங்கமும் நடக்கும். நல்ல ஆசிரியர்கள் பையனை அந்த அறைக்கு நகர்த்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பாடினாலும் மெதுவாக, சௌகரியமான கீழ்ச் சுருதியில், இடையிடையே ஓய்வுவிட்டு 15 நிமிடம் போதும். விடியற்காலையில் மேல் ஸ்தாயியில் 'ஆ' என்று இழுக்கும் அகார சாதகம் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம். சுருதி மாதம் ஒரு முறை மாறினாலும் மாறட்டும்.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சித்தரத்தை, அதிமதுரம், மிளகு எல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கலாம், ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறும். தண்ணீர் குடிக்கச் சொல்வேன், தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்காதே என்பேன், மைதானத்தில் கத்துவதைக் குறைக்கச் சொல்வேன். கடைசியாகச் சொன்னதை எந்தப் பையனும் கேட்டதில்லை.

நோட்டோடு வந்த பையன் அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போகவில்லை. அம்மாவுக்கு என்மேல் வருத்தம். மறுபரிசோதனைக்கு அழைத்துவரவே இல்லை. இந்தச் சித்திரையில் காது அடைப்பு என்று அவனே சைக்கிளில் வந்தான். காதைச் சுத்தம் செய்துவிட்டுப் பாட்டைப் பற்றிக் கேட்டேன். நடுவில் எட்டு மாதம் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குத் தாளம் போட்டதாகவும், ஆசிரியர் பாடுவதைக் கேட்டு ஸ்வரப்படுத்தி எழுதியதாகவும் சொன்னான். இப்போது ஒன்றரைக் கட்டை. "முன்பெல்லாம் மந்தர பஞ்சமம் காற்றாகத்தான் வரும் டாக்டர். இப்போது இறங்க இறங்க இடம் இருக்கிறது" என்று சொல்லி, கேட்காமலேயே இறங்கிக் காட்டினான். குரலில் இன்னும் இரண்டு இடத்தில் பிசிறு இருந்தது. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எல்லாக் கரகரப்பும் மகரக்கட்டு அல்ல. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தாலோ, பாடும்போது வலித்தாலோ, பாடி முடித்தபின் பேச்சே எழும்பாமல் போனாலோ, 16 வயதாகியும் குரல் மாறாமல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மூச்சுவிடச் சிரமம் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். வரும்போது ஆறு மாதத்துக்கு முன் பிள்ளை பாடிய பதிவு ஏதாவது இருந்தால் கைப்பேசியில் கொண்டுவாருங்கள், எந்தக் கட்டை என்று ஆசிரியரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் பாடச் சொல்வார் என்பதைப் பிள்ளையிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். எந்தப் பாட்டு என்பதை மட்டும் அவர்களே முடிவுசெய்யட்டும்.